விதியைச் சோதிக்கும் பகடை

மாணவர்களே, ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஒரு வேலையை நீங்கள் ஒரு முறை முயன்றால், வெற்றி பெறும் வாய்ப்பு 60 விழுக்காடு. இப்போது அதே போன்ற வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு முறை தோற்பதற்குள் நான்கு முறை வென்றுவிட்டால் பரிசு உங்களுக்கு. அந்தப் பரிசு கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

வகுப்பில் கேட்டால், "60 விழுக்காடுதான் ஐயா" என்று ஒரு பக்கம் குரல் எழும். "கொஞ்சம் கூடுதலாக இருக்கும்" என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். நான்கு வெற்றிக்கு இரண்டு தோல்வி என்பது தாராளமாகத்தானே தெரிகிறது! ஆனால் சரியான விடை ஏறத்தாழ 34 விழுக்காடு. மூன்று முறை முயன்றால் ஒரு முறைதான் பரிசு கிடைக்கும்.

உலகின் மிகப் புகழ்பெற்ற கற்பனை விளையாட்டு ஒன்றின் விதிநூலில், 2008ஆம் ஆண்டு, இதே வகைக் கணக்கு அச்சேறி விற்பனைக்கும் வந்தது. விளையாடியவர்கள்தான் அதில் ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்ந்தார்கள். அந்த விளையாட்டையும், அதன் விதிகளை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து சோதித்துத் திருத்திய முறையையும் இந்த வாரம் பார்ப்போம். விளையாட்டைப் பற்றிய கட்டுரையாக இருந்தாலும், இதில் நடப்பதெல்லாம் நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அறிவியல்தான்.

மேசைமேல் ஒரு மலை

முதலில் இது என்ன விளையாட்டு என்று தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்' என்று பெயர். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று விளையாடுவது. ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மருத்துவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கதை நடத்துநர். அவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும்.

நம் ஜொகூரையே களமாக வைத்துக்கொள்வோம். தங்காக் வட்டாரத்தில் 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை இருக்கிறது. மலாக்கா சுல்தானின் திருமண விருப்பத்துக்கு ஏழு நிபந்தனைகள் விதித்த இளவரசியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் குழு அந்த இளவரசியைக் காண மலையேறுகிறது. "மழை பெய்து பாறை வழுக்குகிறது, என்ன செய்வீர்கள்?" என்று நடத்துநர் கேட்கிறார். "கயிற்றைக் கட்டி ஏறுகிறேன்" என்கிறீர்கள். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுகிறீர்கள். 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. 9 முதல் 20 வரை 12 எண்கள் உள்ளன. ஆகவே வாய்ப்பு 12/20, அதாவது 60 விழுக்காடு.

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். முதல் அச்சு வெறும் 1,000 படிகள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அமர்ந்து விளையாடுவார்களே, அதே விளையாட்டுதான்.

இன்னொரு சுவையான செய்தி. இந்த விளையாட்டுக்கு நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகள் தேவைப்பட்டன. தொடக்க காலத்தில் அவை பொம்மைக் கடையிலிருந்து வரவில்லை. கணிதம் கற்பிக்கும் துணைப்பொருள்களை விற்ற பள்ளிப் பட்டியல் ஒன்றிலிருந்து வாங்கப்பட்டன. எல்லா முகங்களும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் முகங்கள் சந்திக்க வேண்டும் என்றால், அப்படிப்பட்ட குவிந்த திண்மங்கள் உலகில் ஐந்தே ஐந்துதான் உண்டு. அந்த ஐந்தும்தான் மேலே சொன்ன பகடைகள்.

60 எப்படி 34 ஆனது?

இப்போது 2008க்கு வருவோம். அவ்வாண்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு வெளிவந்தது. அதில் ஒரு புதிய விதி இருந்தது. சண்டையில்லாத சவால்களை, அதாவது மலையேறுவது, மன்னரைச் சமாதானப்படுத்துவது, காட்டில் வழி கண்டுபிடிப்பது போன்றவற்றை, ஒரே உருட்டலில் முடிக்காமல் பல உருட்டல்களாகப் பிரித்தார்கள். ஆகச் சிறிய சவாலுக்கான விதி: இரண்டு தோல்விக்குள் நான்கு வெற்றி. ஆகப் பெரியதற்கு: ஆறு தோல்விக்குள் பன்னிரண்டு வெற்றி.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வெற்றியின் எண்ணிக்கை தோல்வியைப்போல் இரு மடங்கு. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நான்கு வெற்றியோ இரண்டு தோல்வியோ, ஐந்து உருட்டலுக்குள் ஏதாவது ஒன்று நடந்தே தீரும். எனவே ஐந்து உருட்டலில் குறைந்தது நான்கு வெற்றி வேண்டும் என்பதே இவ்விதியின் பொருள். இதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, ஐந்தும் வெற்றி. 0.6ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.078.

இரண்டாம் வழி, நான்கு வெற்றி, ஒரு தோல்வி. அந்தத் தோல்வி ஐந்து இடங்களில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். எனவே 5 × 0.6 × 0.6 × 0.6 × 0.6 × 0.4 = 0.259.

இரண்டையும் கூட்டினால் 0.337. அதாவது ஏறத்தாழ 34 விழுக்காடு. ஐந்தில் நான்கு என்றால் 80 விழுக்காடு வெற்றி விகிதம் கேட்கிறோம். கையில் இருப்பதோ 60. பிறகு எப்படி வெல்வது? பெரிய சவால் இதைவிட மோசம். அதே 60 விழுக்காட்டில், ஆறு தோல்விக்குள் பன்னிரண்டு வெற்றி பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடுதான்.

உருட்டும் ஒவ்வொரு முறையும் "வெற்றி, வெற்றி" என்று மகிழ்கிறார்கள். கடைசியில் குழு தோற்கிறது. விளையாடியவர்களுக்குக் குழப்பம். சிலர் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதே ஆண்டிலேயே திருத்தம் வெளியிட்டது. எந்தச் சவாலாக இருந்தாலும் மூன்றாவது தோல்வியில்தான் ஆட்டம் முடியும் என்று மாற்றியது. எட்ட வேண்டிய இலக்கு எண்களையும் குறைத்தது. சிறிய சவாலில் இரண்டு தோல்வியை மூன்றாக்கியதன் விளைவை மட்டும் பார்த்தால்கூட, 34 விழுக்காடு 54 ஆகிறது. ஓர் எண்ணை ஒன்றால் கூட்டியதற்கு இவ்வளவு மாற்றம்!

பிழை எங்கே ஒளிந்துகொள்கிறது?

"வெளியிடும் முன் ஆடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் எத்தனை முறை ஆடிப் பார்க்க வேண்டும்?

ஒரு குழு இந்த விதியை மூன்று முறை சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வாய்ப்பு 34 விழுக்காடாக இருந்தாலும், மூன்றில் இரண்டோ மூன்றோ வெற்றி கிடைக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. அதாவது, இப்படிச் சோதிக்கும் நான்கு குழுக்களில் ஒன்று, "விதி அருமை, மாற்ற வேண்டியதில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மேசையில் நடந்தது அதுதான்.

இதையே 100 முறை சோதித்தால் வெற்றிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் 25க்கும் 43க்கும் இடையில் விழும். 60க்குப் பக்கத்தில் வரவே வராது என்று சொல்லிவிடலாம். அறிவியல் பாடத்தில் ஆய்வை மீண்டும் செய்து சராசரி எடுக்கச் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? சிறிய மாதிரி நம்மை ஏமாற்றும். பெரிய மாதிரியில் தற்செயல் அடங்கிப்போய், உண்மை மேலே வரும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. யார் சோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் சோதனையாளர்களில் கைகாக்ஸின் பிள்ளைகளும் இருந்தார்கள். 1972ஆம் ஆண்டு, லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், அவருடைய மகன் எர்னியும் மகள் எலீசும் அப்பா வடித்த நிலவறைக்குள் முதன்முதலாக இறங்கினார்கள். பிறகு நண்பர்கள் சேர்ந்தார்கள். கையெழுத்துப் படி பிற ஊர் ஆட்டக்காரர்களுக்கும் போனது. இது நல்ல தொடக்கம். என்றாலும், படைத்தவர் மேசையில் இருக்கும் வரை ஒரு சிக்கல் உண்டு. விதியில் ஓட்டை இருந்தால், அவர் வாயால் அடைத்துவிடுவார். "இங்கே நான் என்ன நினைத்தேன் என்றால்..." என்று சொல்லிவிடுவார். ஆட்டமும் ஓடிவிடும். ஓட்டை தாளிலேயே இருக்கும்.

உங்கள் பாட்டி ஓண்டே ஓண்டே செய்வதை எழுதி வாங்கிப் பாருங்கள். "மாவைப் பதமாகப் பிசைய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். பாட்டி பக்கத்தில் நின்றால் பலகாரம் சரியாக வரும். அந்தத் தாளை மட்டும் நண்பர் வீட்டுக்கு அனுப்பினால்தான் தெரியும், 'பதம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு தண்ணீர் மறைந்திருக்கிறது என்று. நீர் கூடினால் உருண்டை பிடிக்க வராது. குறைந்தால் கொதிக்கும் நீரில் வெடித்துக் குலா மெலாக்கா வெளியே ஓடும்.

விளையாட்டுகளிலும் இப்படித்தான். படைத்தவர் அருகில் இல்லாமல், அவரை அறியாதவர்கள், தாளில் உள்ளதை மட்டும் படித்து ஆடும் சோதனையை வடிவமைப்பாளர்கள் தனியாக வைத்திருக்கிறார்கள். படைத்தவர் உடன் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. உற்றறிந்து குறிப்பெடுப்பது மட்டுமே அவர் வேலை. ஆட்டக்காரர் எந்தப் பக்கத்தில் புருவத்தைச் சுருக்கினார், எந்த விதியை இரண்டு முறை படித்தார், எங்கே கைப்பேசியை எடுத்துப் பார்த்தார் என்பதெல்லாம் தரவுகள்தாம்.

தாயம் கற்றுத் தந்தது

விதிகளை ஊரே சேர்ந்து ஆடித் திருத்துவது நமக்குப் புதிதன்று. தாயம் விளையாடியிருக்கிறீர்களா? கீழடி அகழாய்வில்கூடப் பகடைகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழமையானது பகடை உருட்டும் பழக்கம். தாயத்துக்கு ஒரே ஆசிரியர் என்று யாரும் இல்லை. அச்சிட்ட விதிநூலும் இல்லை. ஆடியவர்களே காலங்காலமாக விதியை வைத்தார்கள், மாற்றினார்கள். அதனால்தான் வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன வேறுபாடு இருக்கிறது.

பரவலாக இருக்கும் ஒரு முறையில் இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழலாம். கூட்டுத்தொகை 3 வருவதற்கு நான்கு வழி, 2க்கும் 4க்கும் மூன்று மூன்று வழி. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கத் தேவையான தாயத்துக்கு, அதாவது 1க்கு, இரண்டு வழிதான். 5க்கு இரண்டு, 6க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்று கொள்வார்கள். அதற்கும் ஒரே வழி.

இப்போது கவனியுங்கள். மீண்டும் உருட்டும் உரிமை எந்த எண்களுக்குத் தருகிறோம்? 1, 5, 6, 12. நான்கும் அரிதாக விழும் எண்கள்! அடிக்கடி விழும் 2, 3, 4க்கு அந்த உரிமை இல்லை. நிகழ்தகவுப் பாடம் படிக்காதவர்களும் அரியதற்கே பரிசு தர வேண்டும் என்று ஆடி ஆடிக் கண்டுகொண்டிருக்கிறார்கள். நன்றாக ஓடிய விதி நிலைத்தது, சலிப்பூட்டியது மறைந்தது.

தாயத்துக்குப் பல தலைமுறை அவகாசம் இருந்தது. இன்றைய விளையாட்டு நிறுவனத்துக்கு இரண்டு ஆண்டுதான் அவகாசம் என்றால் என்ன செய்வது?

ஒன்றே முக்கால் இலட்சம் சோதனையாளர்கள்

நான்காம் பதிப்பு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. பலர் பழைய பதிப்பையே விரும்பினார்கள். பைசோ என்ற நிறுவனம் அந்தப் பழைய விதிகளை அடிப்படையாகக் கொண்டு 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டை உருவாக்கியது. 2008ஆம் ஆண்டிலேயே அதன் வரைவை எல்லாருக்கும் திறந்துவிட்டுக் கருத்துக் கேட்டது. 50,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்ட அந்தச் சோதனைக்குப் பின், 2009ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரசிகர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

போனவர்களைத் திரும்ப அழைக்க வேண்டுமானால், அவர்களிடமே கேட்பதுதான் வழி. 2012ஆம் ஆண்டு சனவரியில் விசார்ட்ஸ் நிறுவனம் புதிய பதிப்பை அறிவித்தது. மே 24ஆம் நாள் பொதுச் சோதனை தொடங்கியது. விதிகள் இணையத்தில் இலவசமாகத் தரப்பட்டன. விளையாடிப் பார்த்தவர்கள் கருத்தாய்வுப் படிவத்தை நிரப்பினார்கள். பதில்களைப் படித்து விதியை மாற்றி, அடுத்த தொகுப்பு. மீண்டும் ஆட்டம், மீண்டும் கருத்தாய்வு. இப்படியே 2013 வரை நீடித்த இச்சோதனையில் 1,75,000க்கும் அதிகமானோர் பங்குபெற்றதாக நிறுவனம் தெரிவித்தது. 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது.

இச்சோதனையில் மக்கள் மனத்தைக் கவர்ந்த விதி ஒன்றைப் பார்ப்போம். முந்தைய பதிப்புகளில் சாதகமான சூழல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். உயரத்தில் நின்றால் கொஞ்சம் கூட்டு, நண்பன் உதவினால் இன்னும் கொஞ்சம் கூட்டு, இருட்டாக இருந்தால் கழி. ஆட்டம் நின்று கூட்டல் கழித்தல் ஓடும். புதிய விதி இதற்கு ஓர் எளிய வழி சொன்னது. சூழல் சாதகமா? இருபது முகப் பகடை இரண்டை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள். பாதகமா? சிறிய எண்ணை எடு. அவ்வளவுதான்.

இதன் கணக்கு அழகானது. ஒரு பகடையின் சராசரி 10.5. இரண்டில் பெரியதை எடுத்தால் சராசரி ஏறத்தாழ 13.8. ஆனால் இது எல்லா இடத்திலும் சமமாக உதவுவதில்லை. 11 அல்லது அதற்கு மேல் தேவை என்றால், வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75க்கு ஏறுகிறது. 20தான் வேண்டும் என்றால், 5லிருந்து 9.75க்கு மட்டுமே ஏறுகிறது. 2 போதும் என்றால், 95லிருந்து 99.75. வெற்றியா தோல்வியா என்று இழுபறியாக இருக்கும் இடத்தில்தான் உதவி அதிகம். நடக்கவே முடியாததை அது எளிதாக்கிவிடாது. தேர்வுக்கு முன்நாள் நண்பன் சொல்லித் தரும் உதவியும் ஏறக்குறைய இப்படித்தானே!

எல்லா விதியும் இப்படி உடனே வெற்றி பெறவில்லை. முதல் தொகுப்பில் வீரர் பாத்திரம் மிக எளிமையாக இருந்தது. வாளை ஓங்கு, பகடையை உருட்டு, மறுபடியும் ஓங்கு. பலருக்குச் சலித்தது. அடுத்து வந்த தொகுப்பில் வீரருக்குச் சில கூடுதல் பகடைகள் தரப்பட்டன. அவற்றைக் கொண்டு எதிரியை வீழ்த்தலாம், அடியைத் தடுக்கலாம். வரவேற்பு கிடைத்தது. உடனே அதே உத்தியை வேறு பாத்திரங்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது வீரரின் தனித்தன்மை போய்விட்டது என்ற குறை எழுந்தது. கடைசியில், எளிமையை விரும்புவோருக்கு ஒரு வகை வீரர், உத்திகளை விரும்புவோருக்கு இன்னொரு வகை வீரர் என்று நூலில் இரண்டுக்கும் இடம் தந்தார்கள்.

வலி எங்கே, மருந்து எது?

2018ஆம் ஆண்டு பாத்ஃபைண்டர் தன் இரண்டாம் பதிப்புக்காக மீண்டும் பொதுச் சோதனை நடத்தியது. இம்முறை சோதனைக்கென்றே ஒரு நீண்ட கதையை எழுதினார்கள். அதன் ஒவ்வோர் அத்தியாயமும் விதிகளின் வெவ்வேறு பகுதியைச் சோதித்தது. ஓர் அத்தியாயத்தில் அரக்கர்கள் அலை அலையாக வந்துகொண்டே இருப்பார்கள். வெல்வது நோக்கமன்று, பாத்திரங்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அளப்பதே நோக்கம். பள்ளியில் ஐஸ்கிரீம் குச்சியால் பாலம் கட்டி, உடையும்வரை எடையை ஏற்றிப் பார்ப்போமே, அதே முறைதான். எந்த எடையில், எந்த மூட்டு முதலில் உடைகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த பாலம் உறுதியாக இருக்கும்.

அந்தச் சோதனையில் உடைந்த மூட்டு ஒன்று உண்டு. பழைய ஆட்டத்தில், காயம் ஆற்றும் மலிவான மந்திரக்கோல்களை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. இதைக் கட்டுப்படுத்த, மந்திரப் பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி செலவாகும் என்று புதிய விதி வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆடியவர்கள் பொருமினார்கள். மருந்துக் குப்பியை வாங்கிக் கையில் வைத்திருந்தும், புள்ளி தீர்ந்துவிட்டால் குடித்துப் பயனில்லையாம்! இது என்ன நியாயம்?

வடிவமைப்பாளர்கள் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. மக்கள் ஏன் அத்தனை மந்திரக்கோல்களை வாங்குகிறார்கள் என்று யோசித்தார்கள். காயம் ஆற வேறு வழியில்லை என்பதுதான் காரணம். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, மருத்துவத் திறன் உள்ள பாத்திரம் மந்திரம் இல்லாமலே காயத்துக்குச் சிகிச்சை தரலாம் என்ற விதியைச் சேர்த்தார்கள். அந்த விதி 2019ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலும் நிலைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நோயாளி "இங்கே வலிக்கிறது" என்று சொன்னால் மருத்துவர் நம்ப வேண்டும். "இந்த மாத்திரை கொடுங்கள்" என்று சொன்னால் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. ஆடியவர்கள் எங்கே வலித்தது என்பதில் தவறு செய்வது அரிது. காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வாளரின் வேலை.

எண்களுக்கும் ஓர் எல்லை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளைப் புதுப்பிக்க 2022ஆம் ஆண்டு மீண்டும் பொதுச் சோதனை தொடங்கியது. அப்போது வடிவமைப்பாளர்கள் ஓர் அளவுகோலை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரு விதிக்குக் கருத்தாய்வில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ மனநிறைவு கிடைத்தால் அது தேறியது. குறைந்தால் திருத்த வேண்டும், அல்லது கைவிட வேண்டும். நமக்குத் தேர்வில் இருப்பதைப் போலவே விதிகளுக்கும் தேர்ச்சிப் புள்ளி!

ஆனாலும் அறிவியல் மாணவராக நீங்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். கருத்தாய்வை நிரப்புவது யார்? விளையாட்டின் மேல் ஆர்வம் மிகுந்தவர்கள். பிடிக்காமல் பாதியில் எழுந்து போனவர் படிவத்தை நிரப்ப மாட்டார். இன்றுதான் முதல்முறை பகடையைத் தொட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. 1,75,000 பேர் என்றாலும், எல்லாரும் ஒரே வகையினராக இருந்தால் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்ததுதான். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றிக் கருத்துக் கேட்க, அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும் கேட்டால் எப்படி? வீட்டிலிருந்து உணவு கொண்டு வருபவர்கள் ஏன் வருவதில்லை என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தாளில் போட்ட நிகழ்தகவுக் கணக்கு ஒன்று. ஆயிரக்கணக்கானோரின் கருத்தாய்வு ஒன்று. ஒரு மேசையின் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்து, ஆடுபவர்களின் முகத்தை உற்றறிவது ஒன்று. முதலாவது 34ஐக் காட்டும். இரண்டாவது எத்தனை பேருக்கு அது பிடிக்கவில்லை என்று காட்டும். ஏன் பிடிக்கவில்லை என்பதை மூன்றாவதுதான் காட்டும்.

செய்து பாருங்கள்: லேடாங் மலை ஆய்வு

இதை உங்கள் அறிவியல் கழகத்திலோ, ஓய்வு நேரத்தில் நண்பர்களோடோ செய்து பார்க்கலாம். இருபது முகப் பகடை இல்லையென்றால் கவலை வேண்டாம். 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை மறுபடியும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். அது ஏன் என்று யோசியுங்கள்.

கருதுகோள்: அனுமதிக்கப்படும் தோல்வியின் எண்ணிக்கை கூடினால், மலையுச்சியை அடையும் குழுக்களின் எண்ணிக்கை கூடும்.

தற்சார்பு மாறி: அனுமதிக்கப்படும் தோல்வி. முதல் விதியில் இரண்டாவது தோல்வியில் ஆட்டம் முடியும். இரண்டாம் விதியில் மூன்றாவது தோல்வியில் முடியும்.

சார்பு மாறி: உச்சியை அடைந்த ஆட்டங்களின் எண்ணிக்கை.

கட்டுப்படுத்தப்பட்ட மாறி: இலக்கு எண் 9, தேவையான வெற்றி நான்கு, ஒரே வகைப் பகடை அல்லது சீட்டு.

செய்முறை: ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதியிலும் 20 ஆட்டம் ஆட வேண்டும். முதலில் உங்கள் குழுவின் முடிவை மட்டும் எழுதுங்கள். பிறகு ஐந்து குழுக்களின் முடிவுகளையும் கூட்டுங்கள். ஒவ்வொரு விதிக்கும் 100 ஆட்டம் கிடைக்கும். கணக்கின்படி முதல் விதியில் 34ஐ ஒட்டியும், இரண்டாம் விதியில் 54ஐ ஒட்டியும் வர வேண்டும். தனிக்குழுவின் முடிவு இவற்றிலிருந்து எவ்வளவு விலகியது, மொத்த முடிவு எவ்வளவு விலகியது என்று ஒப்பிடுங்கள்.

அடுத்த கட்டம் கொஞ்சம் கடினம். விதிகளை ஒரு தாளில் நீங்களே எழுதி, இந்த விளையாட்டைக் கேள்விப்படாத வேறொரு வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் பேசாதீர்கள். அவர்கள் தவறாக ஆடினாலும் திருத்தாதீர்கள். எங்கே தடுமாறினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். நண்பர்கள் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்தில் குழம்பினீர்கள்? எப்போது சலித்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்து தாளைத் திருத்தி, மறுநாள் புதிதாக இன்னொரு குழுவிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வினா. முதல் விதியையே வைத்துக்கொள்வோம்: இரண்டு தோல்விக்குள் நான்கு வெற்றி, இலக்கு 9. ஆனால் இம்முறை இளவரசியின் தோழி வழிகாட்ட வருகிறாள். சூழல் சாதகம் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டு பகடையை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் உச்சியை அடையும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு? முதலில் ஊகித்து ஓர் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு 100 ஆட்டம் ஆடிப் பாருங்கள். அதன்பின் கணக்குப் போடுங்கள். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு சரியாக இருந்தால் விடை 80க்கும் 85க்கும் இடையில் வர வேண்டும்.